செலவு சிறிது, காட்சி பெரிது



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பிள்ளைகள் கேட்பது எல்லா இல்லங்களிலும் உண்டு. தோட்டத்து லயங்களில் வாழும் பெற்றோருக்கோ, பஸ் கட்டணத்திற்கே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆயினும், மலைநாட்டில் சிறு செலவில் காணத்தக்க விநோதங்களுக்குக் குறைவில்லை.

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பஸ்ஸில் பிள்ளையைச் சாளரத்தோரம் அமர்த்தினாற் போதும். தலவாக்கலையை அடையுமுன் டெவன் அருவியும் செயின்ட் கிளேயர் அருவியும் கட்டணமின்றியே காட்சி தரும். "செயின்ட் கிளேயரில் ஏன் நீர் குறைந்துவிட்டது?" என்று பிள்ளை வினவினால், அதுவும் ஒரு பாடமே. 2012ஆம் ஆண்டில் நிறைவெய்திய மேல் கொத்மலை மின்திட்டத்திற்காக ஆற்று நீர் அருவிக்கு மேலேயே திருப்பப்படுகிறது. வீட்டில் எரியும் விளக்குக்கும் வற்றிய அருவிக்கும் உள்ள தொடர்பை அங்கேயே விளக்கிவிடலாம்.

நுவரெலியாவில் முதலில் காணவேண்டியது தபாற் கந்தோர். 1894இல் செங்கல்லால் எழுப்பப்பட்ட அக்கட்டிடம், மணிக்கூட்டுக் கோபுரத்துடன் கதைப்புத்தக மாளிகை போலத் தோன்றும். ஒரு முத்திரை வாங்கி, ஊரிலிருக்கும் அப்பாயிக்குப் பிள்ளையின் கையாலேயே கடிதம் எழுதி அனுப்பலாம். பிள்ளை வீடு திரும்பிய பின் கடிதம் வந்து சேரும். உலாவின் இன்பம் இரட்டிப்பாகும். இக்கட்டிடத்தை ஹோட்டலாக்கும் யோசனை எழுந்தபோது, 2023 நவம்பரில் அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். எளியவர் காசின்றி நுழையும் வாசல் ஒன்று அடைபட்டுவிடலாகாது என்பதைப் பிள்ளைகளும் அறிதல் நன்று.

பின்னர், ஆளுநர் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைந்த வாவியையும், விக்டோரியா மகாராணியின் 1897ஆம் ஆண்டு வைரவிழாவின் நினைவாகப் பெயர்பெற்ற பூங்காவையும் காணலாம். குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்னும் சிறு குருவி இமயத்தை விட்டு இப்பகுதிக்கு வந்து தங்குகிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. வீட்டிலிருந்து கட்டிச்சென்ற ரொட்டியும் சம்பலும் இருந்தால் பகலுணவுக்கும் செலவில்லை.

இந்நகரம் துரைமாரின் ஓய்வுக்கென வளர்ந்தது. ஆனால், அதை வளர்த்த செல்வம் முதலிற் கோப்பியாலும் பின்னர்த் தேயிலையாலும் வந்தது; அவ்விரண்டையும் விளைவித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். ஆதலின், அவர்களின் பேரப்பிள்ளைகள் விருந்தினரைப்போல் ஒதுங்கி நின்று பார்க்க வேண்டியதில்லை. உரியவர்களாகவே உள்ளே சென்று பார்க்கலாம்.