மட்டம் பிழைக்காத குளம்



மன்னார்த் தீவிலிருந்து தாம்போதியைக் கடந்து பெருநிலப்பரப்புக்கு வந்து, முருங்கன் பக்கம் போனால், நெடுந்தூரம் நீண்டு கிடக்கும் மண்கட்டு ஒன்றைக் காணலாம். அதன் மேல் ஏறி நின்றால் ஒரு புறம் கடல்போல நீர்; மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். நாம் கட்டுக்கரைக்குளம் என்கிறோம். ஆங்கிலேயர் இதனை இராட்சதக் குளம் என்றார்கள். மன்னார்க் கமக்காரனின் காலபோகம் இந்தக் கட்டை நம்பியே இருக்கிறது.

இக்குளத்திற்கு நீர் தருவது அருவியாறு. சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்று அழைக்கும் அதே ஆறுதான். அநுராதபுரத்தைத் தழுவி வந்து அரிப்புக்கு அண்மையில் கடலில் கலக்கிறது. கலக்கும் முன்பே தேக்கம் என்னுமிடத்தில் கல்லணையால் மறித்து, வாய்க்கால் வழியே குளத்துக்குத் திருப்பினார்கள் பண்டையோர். ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனனின் பணி இது என்பது பலரது கருத்து. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு இதனைத் திருத்தினான் என்றும் சொல்வர்.

காலப்போக்கில் குளம் தூர்ந்து காடு மண்டிற்று. 1859இல் இலங்கை பற்றிப் பெருநூல் எழுதிய எமர்சன் ரெனன்ற், இத்தனை பெரிய வேலையும் வீண் என்ற கருத்தை அதில் பதித்தார். மட்டம் பார்த்ததில் பிழை நேர்ந்துவிட்டதாம். வாய்க்காலில் விட்ட நீர் ஆற்றுக்கே திரும்பிவிட்டதாம். மன்னார்க் கரை எவ்வளவு சமதரை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஓரடி பிழைத்தாலும் நீர் போக மறுக்கும். ஆகவே அந்தக் கூற்றைப் பலரும் நம்பினார்கள்.

ஆனால் அந்த நூற்றாண்டின் இறுதியில் நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் கருவிகளோடு வந்து அளந்தபோது, பிழை பழையவர்களுடையதல்ல என்பது தெளிவாயிற்று. பழைய கட்டையும் பழைய வாய்க்காலையும் திருத்தினார்கள், நீர் வந்தது. கருவியில்லாத காலத்து மனிதனைக் குறைத்து மதிப்பிட்ட கண்ணில்தான் மட்டம் பிழைத்திருந்தது.

மண்கட்டு நீரை முற்றாகத் தடுப்பதில்லை, நேயர்களே. அது நீரின் கசிவைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. அதனால்தான் அடியை அகலமாகவும் முடியை ஒடுக்கமாகவும் கட்டுகிறார்கள். அலை அரிக்காமல் உட்சரிவில் கல் பதிக்கிறார்கள். நீர் கட்டின் மேலால் வழிந்தால் கட்டு கரைந்துவிடும்; எனவே மிகுந்த நீர் பாய வான் அமைக்கிறார்கள். எல்லாவற்றிலும் கடினம் துருசு. கட்டைக் குடைந்து நீரை வெளியே விடும்போது அதன் வேகம் கட்டையே தின்றுவிடக்கூடும். இதற்காகத் துருசின் இடையில் சதுரக் கிணறு ஒன்றைக் கட்டி, நீரின் வேகத்தை அடக்கிய முறையைச் சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பர். நம் நாட்டு நீர்ப்பாசனத்தில் பல்லாண்டு பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட நூலில் அதனை வியந்து எழுதினார்.

இந்த அறிவை மறந்தால் என்ன நேரும்? 1986 ஏப்ரல் 20ஆந் திகதி அதிகாலை கந்தளாய்க்குளம் உடைத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நூற்றாண்டுகள் நின்ற கட்டு என்பதால் அது இனியும் தானாகவே நிற்கும் என்று எண்ணக்கூடாது.

புதிய கட்டுகளுக்கும் இதே விதிதான். வளவை கங்கையும் பெலிஹுல் ஓயாவும் சேருமிடத்தில் சமனலவெவ மின்சார அணை எழுந்தது. நடுவிலே களிமண், இருபுறமும் பாறைக்கல். 110 மீற்றர் உயரம். 120 மெகாவாற்று மின்சாரம். கட்டில் குறையில்லை. ஆனால் வலக்கரை மலையில் சுண்ணாம்புக்கல் இருந்தது. சுண்ணாம்புக்கல்லை நீர் கரைத்துப் பொந்துகளாக்கும். சீமெந்துக் குழம்பைச் செலுத்தி அடைத்துப் பார்த்தார்கள். 1992 ஒக்டோபரில், நீரைத் தேக்கும்போதே, அணைக்குக் கீழே மலைச்சரிவு பிளந்து நீர் பீறிட்டது. பின்னர் 1998இல் படகுகளில் மண் ஏற்றிச் சென்று தேக்கத்தின் அடியில் கொட்டினார்கள். கசிவு குறைந்ததேயன்றி நிற்கவில்லை.

இங்கேதான் சிந்திக்க ஒரு விடயம் இருக்கிறது. மின்சாரத்துக்காகத் தேக்கிய நீர் குழாய் வழியே வேறிடத்து மின்நிலையத்துக்குப் போய்விடுகிறது. அணைக்குக் கீழே கல்தொட்ட என்னுமிடத்தில் தலைமுறையாக வயல் செய்தவர்களுக்கு ஆற்றில் நீர் குறைந்தது. அவர்களது வயலுக்குக் கைகொடுத்தது அந்தக் கசிவு நீரே! பொறியியலாளனுக்கு நட்டம், கமக்காரனுக்கு உயிர். ஒரே நீருக்கு இரண்டு உரிமையாளர்கள் என்பதை அணையின் வரைபடம் காட்டாது. மலையின் பொந்து காட்டிக் கொடுத்தது.

குடபுலவியனார் என்னும் சங்கப் புலவர், பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்து, நிலத்தில் நீரைத் தேக்கு என்றுதான் கேட்டார். உணவையும் உயிரையும் நீரோடு சேர்த்து எண்ணியவர் அவர். தேக்கிய பின் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி நமக்கு விடப்பட்டிருக்கிறது.

மன்னார் அருவியாற்றின் கடைசிப் பந்தியில் இருக்கிறது. மேலே உள்ளோர் உண்ட பிறகே நமது இலைக்குப் பரிமாறப்படும். ஆகவே ஆற்றின் மேற்பகுதியில் எந்த அணை பற்றிப் பேச்சு வந்தாலும், அதன் உயரத்தையும் மெகாவாற்றையும் கேட்பதோடு நில்லாமல், கீழே தேக்கத்துக்கு எவ்வளவு நீர் வரும் என்றும் நாம் கேட்க வேண்டும். வாய்க்கால் முறையைப் பங்கிட்ட வட்டவிதானைமார் அன்று கேட்டதும் அதைத்தான்.

மாரி தொடங்குமுன் ஒரு நாள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்தக் கட்டின் மேல் நடந்து பாருங்கள். கறையான் புற்றையும் மரவேரையும் கண்டால் குளத்துக்குப் பொறுப்பானவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.