ஒற்றுமை யாருக்கும் யாருக்கும்?



எந்த நாட்டிலாவது ஒரு புதுத் தலைவர் பதவிக்கு வந்தால், முதல் நாள் பிரசங்கத்தில் எல்லோரும் ஒற்றுமையாய் இருங்கள் என்று சொல்வது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கேட்பதற்கு நல்ல வார்த்தைதான். ஆனால் யாரும் யாரும் ஒற்றுமையாய் இருப்பது, எந்த நிபந்தனையின்மேல் இருப்பது என்று பகுத்தறிவுள்ளவன் கேட்க வேண்டாமா?

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1861-ம் வருஷம் மார்ச்சு 4-ந் தேதி ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். அதற்குள் தெற்கே 7 மாகாணங்கள் பிரிந்து போய்விட்டன. நாம் பகைவர்களல்ல, சினேகிதர்களே என்று அவர் உருக்கமாய்ப் பேசினார். அதே வாயால், அடிமை முறை உள்ள மாகாணங்களில் அதில் தலையிடும் எண்ணம் தமக்கில்லை என்றும் சொன்னார். ஓடிப்போன அடிமையை எஜமானிடம் ஒப்புவிக்க வேண்டுமென்கிற சட்டத்தின் ஷரத்தையும் வாசித்துக் காட்டினார்.

அன்று அந்நாட்டில் அடிமைகள் சுமார் 40 லட்சம் பேர். சினேகிதர் கணக்கில் அவர்கள் சேர்த்தியா? இல்லவே இல்லை. வெள்ளையரும் வெள்ளையரும் கூடி வாழ்வதற்குக் கறுப்பு மக்களின் முதுகு விலையாகப் பேசப்பட்டது. அடிமையாயிருந்து தப்பிவந்து பத்திரிகை நடத்திய பிரெடெரிக் டக்ளஸ் அப்பொழுதே இதைக் கண்டித்து எழுதினார்.

இவ்வளவு விட்டுக்கொடுத்தாவது ஒற்றுமை வந்ததா? 40 நாள் ஆவதற்குள், ஏப்ரல் 12-ந் தேதி, சம்டர் கோட்டையின்மேல் பீரங்கி வெடித்தது. 4 வருஷச் சண்டையில் 6 லட்சம் சிப்பாய்களுக்குமேல் மாண்டார்கள்.

லிங்கன் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. 1863-ல் விடுதலை அறிக்கை வெளியிட்டவரும் அவரே. 1865-ல் இரண்டாந்தரம் பதவி ஏற்றபோது, சண்டைக்குக் காரணம் அடிமை முறையே என்று ஒப்புக்கொண்டார். இரு கட்சியாரும் ஒரே பைபிளைப் படித்து ஒரே கடவுளைத்தான் வேண்டினார்கள் என்றும் சொன்னார். தோழர்களே, இதைக் கவனியுங்கள். ஒரே வேதமும் ஒரே கடவுளும் அவர்களை ஒன்றாக்கவில்லை. சவுக்கெடுத்தவனும் அந்த வேதத்தைத்தான் ஆதாரம் காட்டினான். கறுப்பு மக்கள் லட்சத்துக்கு மேற்பட்டோர் பட்டாளத்தில் சேர்ந்து போராடிய பிறகுதான், 1865 டிசம்பரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

அதை மெச்சித்தான் மராட்டியத்து ஜோதிராவ் பூலே, 1873-ல் தமது 'குலாம்கிரி' புத்தகத்தை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். சாதியும் அடிமைத்தனமே என்று கண்டவர் அவர்.

ஆகவே, மேலே ஏறி உட்கார்ந்திருப்பவன் கீழே கிடப்பவனைப் பார்த்து "நாமெல்லாம் ஒன்று" என்றால், "முதலில் முதுகை விட்டு இறங்கு, பிறகு ஒற்றுமையைப் பேசுவோம்" என்று சொல்லுங்கள் எனக் கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.