வேலிக்கு உள்ளேயா, வெளியேயா?



புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைக்கு ஏற்ற இடம் ஏற்றுமதி மண்டலமா, ஊர்க் கொட்டகையா? நான் கொட்டகைக் கட்சி. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் மண்டலத்தின் பெருமையைச் சொல்லச் சொல்ல, அங்கே ஒரு தமிழ்த் துறை தொடங்கலாமான்னு எனக்கே ஆசை வந்துடுச்சுங்க! (சிரிப்பு)

அம்மா சொன்னதிலே பொய் கிடையாது. 1965-லே குஜராத்துக் காண்ட்லாவிலே ஆரம்பிச்சாங்க. 1984-லே நம்ம தாம்பரத்துக்கு வந்தது. 2005-லே தனிச் சட்டமே போட்டாங்க. ரோடு, கரண்ட்டு, சுங்க அதிகாரி எல்லாம் வாசலுக்குள்ளேயே. ஒத்துக்கறேன்.

இப்ப என் வீட்டுக் கதையைக் கேளுங்க. எங்க அக்காவுக்கு இந்த ஊர் ஆத்தோரம் ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். மச்சான் போய்ச் சேர்ந்துட்டார. விடியறதுக்கு முந்தி எழுந்து பூப் பறிச்சு, மார்க்கெட்டிலே போட்டு, அந்தக் காசிலே மகனை இஞ்சினியரிங் படிக்க வெச்சாங்க. அவன் ஒருநாள் ஃபைலோட என் முன்னாலே வந்து நின்னான்.

"மாமா, துணி தைக்கிற கம்பெனி போடப் போறேனுங்க. மண்டலத்திலே இடம் கிடைக்குதுங்க. அங்கே வரியே இல்லீங்களாமா. தோட்டத்தை பேங்குலே வெச்சுப் பணம் வாங்கிக்கலாம். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லோணும்."

அக்கா கதவோரமா நிக்கறாங்க. ஒரு வார்த்தை பேசலை. கையிலே பூக்கூடை.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "மாப்ளே, தைக்கிற துணியை யாருக்கு விக்கப் போறே?"

"முதல்லே ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலேதானுங்க. அப்புறம் போகப் போக வெளிநாடு."

அங்கேதான் நடுவர் அவர்களே சிக்கல்! மண்டலத்தின் வேலி இருக்கிறதே, சுங்கக் கணக்குப்படி அந்த வேலிக்கு உள்ளே இருப்பது வெளிநாடு. உள்ளே போகும் மூலப்பொருளுக்குச் சுங்கம் இல்லை. வாஸ்தவம். ஆனால் உள்ளே தைத்த சட்டையை ஈரோட்டுக்கு விற்றால், சீனாவிலிருந்து வந்த சட்டை மாதிரி சுங்கம் கட்டித்தான் வெளியே கொண்டுவரணும். ஐந்து வருஷக் கணக்குப் பார்த்தால், போன அன்னியப் பணத்தைவிட வந்த பணம் அதிகமாகவும் இருக்கணும். ஈரோட்டுச் சந்தையிலே எந்த ஊர் டாலருங்க கொடுக்கறாங்க? (கைதட்டல்)

அடுத்து அந்த வருமான வரி. அது ஏற்றுமதி லாபத்துக்கு மட்டும் கொடுத்த சலுகை. முதல் ஐந்து வருஷம் முழுசா, அடுத்த ஐந்து வருஷம் பாதி. அதுவும் புதுசா வர்றவங்களுக்கு 2020-21-ஓட முடிஞ்சு போச்சு. மாப்பிள்ளை கேட்டது பழைய சேதி. பந்தி முடிஞ்சு இலை எடுத்த பிறகு கல்யாணத்துக்குக் கிளம்பின கதை!

திருப்பூரைப் பாருங்க. ஒருத்தர் துணி நிட்டிங் போடுவார், ஒருத்தர் சாயம், ஒருத்தர் கட்டிங், இன்னொரு வீட்டுத் திண்ணையிலே காஜா பட்டன். சரக்கு டி.வி.எஸ். வண்டியிலே தெருத் தெருவா ஓடும். அப்படித்தான் உலகத்துக்கே பனியன் போட்டாங்க. அதையே மண்டலத்துக்குள்ளே இருந்து வெளியே ஜாப் ஒர்க்குக்கு அனுப்பணும்னா அனுமதி, கணக்கு, திரும்பி வந்ததுக்கு ஆதாரம். என் சம்சாரம் பிறந்த வீட்டுக்குப் போகும்போது எங்கம்மா பித்தளைப் போசியை எண்ணி அனுப்பி, எண்ணி வாங்குவாங்களே, அது மாதிரி! (சிரிப்பு)

ஸ்ரீபெரும்புதூரிலே நோக்கியா சிறப்பு மண்டலத்திலேதான் 2006-லே வந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைங்க, பாதிக்கு மேலே பெண்கள். வரி வழக்கு வந்தது, கம்பெனி கைமாறிச்சு, 2014 நவம்பர் 1-ஆம் தேதி பூட்டியாச்சு. பெரிய கம்பெனி அடுத்த நாட்டுக்குப் போயிடும். எங்க அக்கா அடகு வெச்ச தோட்டத்தைத் தூக்கிக்கிட்டு எந்த நாட்டுக்குப் போவாங்க?

ஒன்றை மறைக்க மாட்டேன், என் அணித் தலைவர் கோபித்தாலும் சரி. நம்ம கொட்டகைத் தொழில் நொய்யலை என்ன செய்தது? 1992-லே கட்டின ஒரத்துப்பாளையம் அணையிலே சாயத் தண்ணி தேங்கி, பாசனத்துக்கே ஆகாமப் போச்சு. 2011-லே உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. சாயத் தொழிலுக்கு ஒதுக்கின இடமும் பொதுச் சுத்திகரிப்பும் வேணும். பவானிக்கு அந்த கதி வரக்கூடாது. அங்கே எதிரணிக்கு ஒரு மார்க் கொடுங்க. ஆனால் அம்மா, அதுக்குத் தேவை சுத்திகரிப்பு நிலையம். சுங்க வேலி இல்லை! (கைதட்டல்)

நடுவர் மணியிலே கை வெச்சுட்டார், முடிச்சுடறேன்.

மாப்பிள்ளை கோபி ரோட்டிலே ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடிச்சான். எட்டு பவர் டேபிள். தைக்கிற வேலை மட்டும், சாயம் கிடையாது. மூணு மாசம் ஒண்ணுமே போகலை. என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குவான். அப்புறம் ஈரோட்டுச் சந்தைக்கு முதல் மூட்டை போச்சு. தோட்டத்துப் பத்திரம் இன்னும் அக்கா பீரோவிலேதான் இருக்கு. போன வாரம் வந்தான். "மாமா, வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணு வர்ற மாதிரி இருக்குதுங்க. இப்ப மண்டலத்துக்குப் போலாங்களா?"

"ஆர்டர் கையிலே வரட்டும் மாப்ளே, உக்காந்து கணக்குப் போடலாம்"னேன். அக்கா இந்தத் தடவை கதவோரமா நிக்கலீங்க. நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவிலே உக்காந்துட்டாங்க.