கலயத்து அரிசி



இந்த வருடாந்தரப் பேச்சுக்கான அறக்கட்டளையை ஏற்படுத்திய டீச்சரம்மா முப்பது வருஷத்துக்கு மேல் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்கள். பென்ஷனில் மிச்சம் பிடித்ததை வங்கியில் போட்டு, அந்த வட்டியில் வருஷம் ஒரு முறை சபையின் ஊழியத்தைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பத்திரத்தில் ஊழியம் என்ற ஒரு சொல்தான் இருக்கிறது, விளக்கம் கிடையாது. அந்தச் சொல்லை நம் சபை எங்கே தவறவிட்டது, எப்படித் திரும்ப எடுக்கப் பார்க்கிறது என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

என் ஆச்சியின் அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன். சுளகில் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கி, களைவதற்கு முன்னால் ஆச்சி ஒரு பிடி அள்ளுவாள். மூலையில் வாய் உடைந்த கலயம் ஒன்று இருந்தது. பிடி அதற்குள் விழும். பதநீர் இல்லாத மழை மாதங்களில் வீட்டில் அரிசி தட்டும். அப்போது பிடி சிறுத்துப் போகுமே தவிர விழாமல் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை ஓலைப்பெட்டியில் கொட்டிக் கோயிலுக்குக் கொண்டு போவாள். ஆராதனை முடிந்ததும் முருங்கைக்காய், முட்டை, சேவலோடு அரிசியும் ஏலத்துக்கு வரும்.

"இது யாருக்கு ஆச்சி?" என்று ஒரு நாள் கேட்டேன். "தோர்ணக்கல்லுக்கு" என்றாள். தோர்ணக்கல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வடக்கே, ரயிலில் போக வேண்டும், அங்கே தெலுங்கு பேசுவார்கள், அவ்வளவுதான் தெரியும். அந்தக் கலயத்துக்குப் பின்னால் இருந்த வரலாறு எனக்கும் வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், கிராமத்துக் குருவானவரின் மகன். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர் 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் கடந்து நம் கரைக்கே ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அது அவரைச் சுட்டது. நம் பக்கத்திலோ, பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற அம்மாள் கட்டிய கோயில் 1785-இலேயே எழும்பியது. நூறு வருஷம் தாண்டிய திருநெல்வேலிச் சபை வாங்குகிற சபையாகவே இருந்துவிட்டதே என்ற வேதனையோடு அசரியா திரும்பினார். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம், நிர்வாகமும் நம் நிர்வாகம் என்று வைத்துக்கொண்டார்கள். நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் அவர்களுடைய வயலாயிற்று.

மற்றவர்களை அனுப்பிவிட்டு அவர் வீட்டில் இருந்துவிடவில்லை. 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுக் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்கே போனார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். இதை நம் ஊர் ஆண்டு மலர்களில் பெருமையாகப் போடுகிறோம். அவர் அங்கே என்ன செய்தார் என்பதைப் போடுவதில்லை.

தோர்ணக்கல் சபைக்குள் வந்தவர்களில் மிகுதியானோர் மாலா, மாதிகா மக்கள். இரண்டும் தீண்டாமையைச் சுமந்த சாதிகள். தங்களுக்குள்ளும் ஒன்றோடு ஒன்று புழங்காதவை. அவர்களை ஒரே நற்கருணைப் பந்தியில் சேர்க்கத்தான் அசரியா வாழ்நாளெல்லாம் பாடுபட்டார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, சுவிசேஷம் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்னும் பவுல் அப்போஸ்தலனின் வாக்கைத் திருப்பிச் சொல்ல வைத்தார். எழுத்தறியாத கூலிக்காரனையும் சபையின் ஊழியனாக ஆக்கியது அந்தக் கை. தெலுங்குச் சபைகளின் தாய்மாரும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்கப் பழகினார்கள். நாம் கொடுத்ததை வாங்கியவர்கள் கொடுக்கிறவர்களானார்கள். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் அவர் வெள்ளைக்கார மிஷனெரிகளிடம் பணம் கேட்கவில்லை, சிநேகம் கேட்டார். ஒருவருடைய தியாகத்தை வாங்கிக்கொண்டே அவருடைய மேசைக்கு அந்நியனாக இருப்பதன் வலியை அவர் அறிந்திருந்தார்.

இனி நம் கதைக்கு வருகிறேன். மனக்கஷ்டத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் நானும் நம் சேகரக் கமிட்டியில் இருந்தவன். கலயம் போய்க் கவர் வந்தது. கவர் போய்ப் பட்ஜெட்டில் ஒரு வரி வந்தது. கோபுரத்தை உயர்த்திய வருஷம் அந்த வரியும் போனது. அதற்குப் பிறகு கமிட்டித் தேர்தல். இரண்டு அணிகள், ஒரு வழக்கு. ஞாயிறு காணிக்கையிலிருந்து வக்கீல் பீஸ் போனது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்த அண்ணன் தம்பிகள் சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோயில் விருந்தான அசன விழாவில் தெற்குத் தெருக் குடும்பங்களுக்குக் கடைசிப் பந்தி என்பது, யாரும் தீர்மானம் போடாமலே, வழக்கமாகிவிட்டது.

வெஸ்திரிக்கு வெள்ளையடித்தபோது பழைய பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் ஒரு நோட்டு விழுந்து கிடந்தது. மட்டையைச் செல் அரித்திருந்தாலும் உள்ளே எழுத்து தெளிவாக இருந்தது. வீட்டுப் பெயர், எத்தனை உழக்கு, ஏலம் போன தொகை. ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் ஒரே வரி: தோர்ணக்கல்லுக்கு மணியார்டர். கோயில் உபதேசியார் அதைப் பெண்கள் சங்கக் கூட்டத்தில் வாசித்தார். தெற்குத் தெருப் பெயர் ஒன்று வந்ததும் ஒரு அம்மா எழுந்து, "அது எங்க ஆச்சி" என்றார்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் அந்தத் தெருவின் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. உழக்கு, அரை உழக்கு. ஓர் இடத்தில் அரிசி இல்லை என்று ஒரு முட்டை. சாதியில் பிளந்த மக்களை ஒரே பந்தியில் உட்கார வைக்கிற வேலைக்காக அவர்கள் தங்கள் உலையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளை நாம் கடைசிப் பந்திக்கு நிறுத்தினோம்.

அன்றைக்குக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அழுதவர்கள் அழுதார்கள். அடுத்த மாதம் இரண்டு அணிப் பெரியவர்களும் சேகரகுருவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். வழக்கை வாபஸ் வாங்க மூன்று மாதம் பிடித்தது. அந்த வருஷத்து அசனத்தில் முதல் பந்தியில் யார் யார் என்று யாரும் பிரிக்கவில்லை. வந்த வரிசையில் இலை போட்டோம். சிலர் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் வீடுகளுக்கு நாங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்.

கலயம் திரும்ப வந்திருக்கிறது. இப்போது அது பிளாஸ்டிக் டப்பா. ரேஷன் அரிசியைப் போடலாமா என்று ஒரு வயதான அம்மா வாசலில் தயங்கி நின்று கேட்டார்கள். அந்த டப்பாவைத்தான் அன்றைக்கு முதலில் ஏலம் விட்டோம்.

வருகிற மாதம் சேகரக் கமிட்டியில் பட்ஜெட் வாசிக்கப்படும். இரண்டு காரியங்களை எழுந்து கேட்கப் போகிறேன். பிடியரிசிப் பணம் ஒரு ரூபாய்கூடக் கட்டடக் கணக்கில் கலக்கக் கூடாது. அதை எங்கே அனுப்புவது என்று பேசும் கூட்டத்தில் தெற்குத் தெருத் தாய்மார் நாலு பேராவது இருக்க வேண்டும். நோட்டு ஆல்டருக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. போகும்போது உங்கள் ஆச்சிமார் பெயரைத் தேடிப் பாருங்கள்.