ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ‘சி’ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



வழக்கமாக இந்த கிளப் ஹவுஸில் தண்ணீர் லாரி, பார்க்கிங், லிஃப்ட் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வேலை பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். காரணம் உங்களுக்கே தெரியும். காலையில் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்ற கேப்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஏன் ஆபீஸ் போகவில்லை என்று கேட்டால், ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ என்கிறோம். நானும் ஆறு மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேலை போனபோது வயது 49. ஐ.டி. துறையில் 25 வருடம். ஒரு மதியம் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ‘சார், உங்க ரோல் இனிமே இல்லை. நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரெக்கார்ட் க்ளீனா இருக்கும், மூணு மாச சம்பளமும் தர்றோம். இல்லன்னா டெர்மினேஷன்னு போட வேண்டியிருக்கும்’ என்றார் ஹெச்.ஆர். அதிகாரி. யோசிக்க அரை மணி நேரம். வீட்டுக் கடன் ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐந்து மாதம் கழித்து அதே வேலைக்கு அதே கம்பெனி விளம்பரம் கொடுத்தது. பொறுப்புகள் என்று போட்டிருந்த வரிகளில் பாதி நான் எழுதியவை. அனுபவம் மட்டும் 5 முதல் 8 வருடம் வரை என்று இருந்தது.

இத்துடன் நிறுத்தினால் உங்களுக்கு என் மேல் பரிதாபம் வரும். ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்பு நானே ஒரு பட்டியல் போட்டவன். செலவைக் குறைக்க வேண்டும் என்றார்கள். எக்செல்லில் சம்பள வாரியாக அடுக்கினேன். அந்த ஷீட்டில் வயது என்று ஒரு காலமே கிடையாது. ஆனால் மேலே வந்த ஏழு பேரில் ஆறு பேர் 45-ஐத் தாண்டியவர்கள். அதில் ஒருவர் டெஸ்டிங் செய்பவர். அவருக்குக் கீழே யாரும் இல்லை. ‘ரிசைன் பண்ணிடுங்க, அதுதான் உங்களுக்கு நல்லது’ என்று நான்தான் அவரிடம் சொன்னேன். நல்லது என்று நம்பித்தான் சொன்னேன். எட்டு மாதத்தில் அந்த இடத்துக்கு இரண்டு இளைஞர்களை எடுத்தோம்.

அவருக்கு நான் எதை இல்லாமல் செய்தேன் என்பது என் வேலை போய், ஒரு தொழிலாளர் வழக்கறிஞர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

நம் நாட்டில் தனியார் வேலையில் வயதை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. அரசு வேலையில் சமவாய்ப்புப் பற்றிப் பேசும் அரசியல் சாசனத்தின் 16-வது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், வம்சாவளி, பிறந்த இடம், வசிப்பிடம் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் வயது இல்லை.

ஆனால் வேறு வழியாக ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நாம் ‘லேஆஃப்’ என்று சொல்வதைச் சட்டம் ஆட்குறைப்பு என்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இதற்கு மூன்று விதிகள் இருந்தன. ஒன்று, ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவரை அனுப்ப ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குரிய சம்பளம் தர வேண்டும். கூடவே முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. இரண்டு, ஒரே பிரிவில் வேலை செய்பவர்களில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் பொதுவாக முதலில் அனுப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். மூன்று, மறுபடி ஆள் எடுக்கும்போது, அனுப்பப்பட்டவர்களுக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும். புதியவர்களைவிட அவர்களுக்கே முன்னுரிமை.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. மூன்று விதிகளும் அதிலும் இருக்கின்றன. ஆனால் மறுபடி வேலைக்குக் கூப்பிடும் விதிக்கு இப்போது ஒரு வருட எல்லை போட்டிருக்கிறார்கள். அதாவது, உங்களை அனுப்பி ஒரு வருடத்துக்குள் ஆள் எடுத்தால்தான் அந்த முன்னுரிமை.

கவனித்தீர்களா? இந்த விதிகளில் வயது என்ற சொல்லே இல்லை. ஆனால் கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பதும், போனவரை முதலில் கூப்பிட வேண்டும் என்பதும் பெரும்பாலும் யாரைக் காப்பாற்றும்? பல வருடம் அங்கேயே வேலை செய்து தலை நரைத்தவரைத்தான். நம் ஊரில் வயதுப் பாகுபாட்டுக்கு எதிராக நமக்கு இருக்கும் பிடி இதுதான்.

அந்தப் பிடி நழுவுவது ஒரே இடத்தில். தானாக விரும்பி விலகுவது ஆட்குறைப்பு ஆகாது. ‘சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்த நிமிடமே இந்த விதிகள் உங்களுக்கு இல்லை என்று கம்பெனி வாதிடலாம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று வழக்குப் போடலாம்தான். ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். மூடிய அறையில் பேசியதற்கு யார் சாட்சி?

இந்த விதிகள் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டும்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். மேற்பார்வை வேலை செய்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் வரமாட்டார்கள். எனக்கு அதனால் பயன் இல்லை. ஆனால் விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதை வைத்து நீதிமன்றங்கள் முடிவு செய்வதில்லை. உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் பார்க்கின்றன. ‘லீட்’, ‘அசோசியேட் மேனேஜர்’ என்றெல்லாம் பட்டம் இருந்தாலும், நாள் முழுக்கக் கோடு எழுதியவர், டெஸ்ட் செய்தவர் என்றால் கேட்டுப் பார்க்க இடம் இருக்கிறது. சம்பளம் அதிகம் என்பதால் மட்டும் அவர் வெளியே போய்விடமாட்டார். என்னிடம் வேலை பார்த்த அந்த டெஸ்டர் அப்படிப்பட்டவர். எட்டு மாதத்தில் ஆள் எடுத்தபோது அவரைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நான் வாங்கிய ராஜினாமாவால் யாரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். அங்கே 1967-லேயே வயதுப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். 1990-இல் இன்னொன்று சேர்த்தார்கள். கூட்டமாக ஆட்களை அனுப்பும்போது, வழக்குப் போடமாட்டேன் என்று 40 வயதைத் தாண்டியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமானால், யோசிக்க 45 நாள் தர வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் ஏழு நாளுக்குள் மனம் மாறலாம். அந்தப் பிரிவில் யார் யார் அனுப்பப்படுகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்பதைப் பதவி, வயது வாரியாக எழுதிக் காட்டவும் வேண்டும். எனக்குக் கிடைத்தது அரை மணி நேரம்.

சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல வரவில்லை. ஐ.பி.எம். 2013 முதல் 2018 வரை மூத்த ஊழியர்களைப் பாகுபடுத்தியதாக நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று அமெரிக்க அரசின் சமவேலைவாய்ப்பு ஆணையம் 2020-இல் சொன்னது. நிறுவனம் மறுத்தது. அங்கேயும் வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கின்றன. ஆனாலும் உங்கள் மகனோ மகளோ அங்கே 40-ஐத் தாண்டியிருந்தால், இந்த 45 நாள் விஷயத்தை இன்றைக்கே சொல்லி வையுங்கள். ஓ.எம்.ஆரில் உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்களுக்கு அது பொருந்தாது.

சரி, உங்களைக் கூப்பிட்டால் என்ன செய்வது?

முதலில், அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். ‘வீட்டில் கேட்டுவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்’ என்று சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை.

வெளியே வந்ததும் யார் என்ன சொன்னார்கள் என்று ஹெச்.ஆருக்கே ஒரு மெயில் போடுங்கள். ‘இன்று மூன்று மணிக் கூட்டத்தில் என்னை ராஜினாமா செய்யும்படி சொன்னீர்கள்’ என்ற ஒரு வரி போதும். மூடிய அறைக்கு அதுதான் சாட்சி.

அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டால் ஆட்குறைப்பு என்றே கடிதம் கேளுங்கள். ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, ரேட்டிங் கடிதங்களை முன்பே வீட்டில் வைத்திருங்கள். கம்பெனியின் ரகசிய ஆவணங்களைத் தொடாதீர்கள்.

ஐந்து வருடம் முடித்திருந்தால், ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு. 30 நாளில் தர வேண்டும். அதைச் சலுகை மாதிரி பேசினால் ஏமாறாதீர்கள். கம்பெனி மருத்துவக் காப்பீட்டைத் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று கடைசி நாளுக்கு முன்பே கேளுங்கள்.

அதன் பிறகு ஒரு வருடம் அந்தக் கம்பெனியின் வேலை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அதே வேலை வந்தால் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முன்னுரிமை கேட்டு விண்ணப்பியுங்கள். பதில் இல்லை என்றால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போகலாம். தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்களில் சிலர் இன்றைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். ‘அனுபவம் 5 முதல் 8 வருடம்’ என்று டைப் செய்யும்போது, அந்த எட்டு எதற்கு என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியல் போடச் சொன்னால், சம்பளக் காலத்துக்குப் பக்கத்தில் வயதுக் காலத்தையும் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்க்கவில்லை.

அந்த டெஸ்டருக்குப் போன மாதம் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். இப்போது ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ‘விடுங்க சார், உங்களுக்கும் அப்போ தெரியாதுல்ல’ என்றார். எனக்குத் தெரியாமல் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஞாயிறுதோறும் காலை 10 முதல் 12 வரை நூலக அறையில் இருப்பேன். யாருக்காவது இப்படிக் கடிதம் வந்திருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் வக்கீல் இல்லை. கடிதத்தைச் சேர்ந்து படிக்கலாம், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். உள்ளே பேசியது வெளியே போகாது.