ஓசை சொல்லும் செய்தி

சந்தையில் மண்பானை வாங்கும் பெண்கள் அதை விரலால் சுண்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. ஒலி அடைத்தாற்போல் எழுந்தால் எங்கோ கீறல் விழுந்த பானை. கண்ணுக்குப் புலப்படாத கீறலைக் காது கண்டுவிடுகிறது.

இதே உபாயத்தை மனித உடம்பில் கையாண்டவர் வியன்னா நகரத்து மருத்துவர் ஆவன்புருக்கர். நோயாளியின் மார்பைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளிருக்கும் நோயை அறியலாம் என்று 1761-ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவருடைய தந்தையார் விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாயைத் தட்டி அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அறியும் வழக்கத்திலிருந்தே மகனுக்கு இந்த எண்ணம் பிறந்தது என்பார்கள். பின்னர் 1816-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் லென்னெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது.

மாணவ நண்பர்களே, மூடிய பொருளின் உள்நிலையை ஓசையால் அறியும் இக்கலையைப் பயில நாம் மருத்துவமனைக்குப் போகவேண்டியதில்லை. பல வீடுகளில் இன்று சலவை இயந்திரம் இருக்கிறது. ஒருநாள் அது புதிதாக ஓர் ஓசை எழுப்பும். "பழுதாகிவிட்டது" என்று வீட்டார் கலங்குவார்கள். ஆனால் பழுது என்பது ஒரு பெயர்தானே? எந்த உறுப்பில் என்ன நேர்ந்தது என்பதல்லவா கேள்வி?

முன்புறம் கதவுள்ள இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். துணிகளை ஏந்திச் சுழலும் டிரம் ஒன்று; அதைச் சூழ்ந்து நீரைத் தாங்கும் தொட்டி ஒன்று. டிரம்மின் அச்சு பேரிங்குகளில் சுழல்கிறது. மோட்டார் பெல்ட்டின் வழியாகவோ நேராகவோ அதைச் சுழற்றுகிறது. அடியிலுள்ள ஒரு சிறு பம்பு அழுக்கு நீரை வெளியேற்றுகிறது. இவை யாவும் எப்போதும் ஒருங்கே வேலை செய்வதில்லை. துவைக்கும்போது டிரம் மெல்லச் சுழலும். நீர் வெளியேறும்போது பம்பு ஓடும். பிழியும்போது டிரம் மிக வேகமாகச் சுழலும். ஆகவே நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, ஓசை எப்படி இருக்கிறது என்பதன்று. எப்போது எழுகிறது என்பதே.

டிரம்மின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை "டக்" என்ற ஒலி கேட்டால், சுழலும் ஏதோ ஒன்று ஓரிடத்தில் தட்டுகிறது. துணிகளை வெளியே எடுத்துவிட்டுச் சுழற்றிப் பாருங்கள். ஒலி நின்றால் சட்டைப் பொத்தானோ ஜிப்போ காரணம். நில்லாவிட்டால், டிரம்முக்கும் தொட்டிக்கும் இடையே ஏதேனும் சிக்கியிருக்கலாம்.

பிழியும்போது மட்டும் இயந்திரமே குதித்தால், துணி ஒருபக்கம் திரண்டிருக்கலாம்; அல்லது இயந்திரத்தின் கால்கள் தரையில் சமமாக ஊன்றாமல் இருக்கலாம். இது அற்பக் காரியமன்று. அரை மீட்டர் குறுக்களவுள்ள டிரம் நிமிடத்திற்கு 1,200 முறை சுழலும்போது, அதன் விளிம்பில் ஒருபக்கமாகத் திரண்ட அரைக் கிலோ ஈரத்துணி, ஏறத்தாழ 200 கிலோ எடைக்கு ஒப்பான விசையால் அச்சை இழுக்கிறது. பௌதிக வகுப்பில் படித்த வட்ட இயக்கச் சூத்திரத்தைக் கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வேகம் ஏற ஏற ஓசையும் ஏறி, விமானம் கிளம்புவதைப்போல் இரைந்தால், பேரிங்கை ஐயுறவேண்டும். நீர்த்தடுப்பு வளையம் தேய்ந்து, பேரிங்கினுள் ஈரம் புகுந்து துருப்பிடிப்பது வழக்கமான காரணம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வெற்று டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தொட்டி அசையாமல் டிரம் மட்டும் தனியே ஆடினாலும், கையால் சுழற்றும்போது கரகரவென்று உரசினாலும் ஐயம் உறுதியாகும். இதைக் கவனியாமல் விட்டால் அச்சே தேய்ந்து கெட்டுவிடும்.

எங்கள் இல்லத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இயந்திரம் பிழியும்போது கடகடவென்று இரைந்தது. பழுது பார்ப்பவர் வந்து கேட்டார். பேரிங் போய்விட்டது என்றார். அவர் சொன்ன செலவு புதிய இயந்திரத்தின் விலையில் பாதிக்குமேல் இருந்தது. பழையதை விற்றுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகள், "அப்பா, பிழியும்போது பம்பும் சேர்ந்து ஓடுகிறதே! இரைவது டிரம்தான் என்று எப்படித் தெரியும்?" என்றாள். நீரை வெளியேற்றும் கட்டளையை மட்டும் கொடுத்தாள். டிரம் அசையாமல் நின்றது. கடகட ஓசையோ அப்படியே கேட்டது. பேரிங் குற்றமற்றது என்பது அக்கணமே தெளிவாயிற்று. பிளக்கைக் கழற்றிவிட்டு, கீழே ஒரு தட்டை வைத்து, முன்புற அடியிலுள்ள வடிகட்டியைத் திருகி எடுத்தோம். ஓர் ஒரு ரூபாய் நாணயமும் ஒரு கொண்டை ஊசியும் வெளிவந்தன. பிறகு ஓசை இல்லை.

ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-ஆம் ஆண்டில் வெளியிட்ட தருக்க நூலில் காரணத்தைக் காணும் முறைகளை வகுத்துரைத்தார். ஒன்று மாறும்போது உடன் மாறுவது எது என்று நோக்குவது ஒரு முறை. வேகத்தோடு ஏறும் பேரிங் ஓசை அதற்குச் சான்று. மற்றவை அனைத்தும் அப்படியே இருக்க, ஒன்றை மட்டும் நீக்கிப் பார்ப்பது இன்னொரு முறை. துணியை எடுத்துவிட்டுச் சுழற்றியது அதற்குச் சான்று. நம் வள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், பிணியையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியில் இறங்கவேண்டும் என்று முறைப்படுத்தியுள்ளார்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீரும் மின்சாரமும் கூடும் இடம் இது. இணைப்பைத் துண்டிக்காமல் எதையும் தொடலாகாது. நீர் சூடாக இருந்தால் ஆறும்வரை பொறுக்கவேண்டும். பின்புற மூடியைக் கழற்றுவது தொழில் தெரிந்தவர் வேலை. அவரிடம் "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது வருகிறது, எதை நிறுத்தினால் நிற்கிறது என்று சொல்லுங்கள். பாதி வேலை அப்போதே முடிந்துவிடும். கவனித்துக் கேட்பவனுக்கு இரைச்சலும் செய்தியாகிறது. கவனியாதவனுக்குச் செய்தியும் இரைச்சலாகவே நின்றுவிடுகிறது.