கேளாத ஒரு கேள்வி
(சங்க ஆண்டு விழாவில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



சட்டம் பயிலும் நம் காலனிப் பிள்ளைகளுக்குச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். அறிவுரை கூறும் தகுதி எனக்கு உண்டோ, அறியேன். ஆயினும், என் பிழை ஒன்றைக் கூறும் தகுதி நிச்சயமாக உண்டு.

இன்று சட்ட மாணவர்க்கு நடைமுறைப் பயிற்சி கட்டாயமாகும். இந்திய பார் கவுன்சில் 2008-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பினர் 12 வாரங்களும், ஐந்தாண்டுப் படிப்பினர் 20 வாரங்களும் பயிற்சி பெறுதல் வேண்டும். விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு மன்றத்திலும் வழக்காடும் வழக்கறிஞர்களிடம் ஒரு முறையேனும் பயின்றிருத்தலும் வேண்டும். இவ்விதியின் அருமையை நான் பட்டே அறிந்தேன்.

நான் மாணவனாயிருந்தபோது, கோடை விடுமுறையில் தில்லியில் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் பயிற்சிக்குச் சென்றேன். சிறு திருட்டுக் குற்றச்சாட்டில் சிறைப்பட்ட தமிழ்த் தொழிலாளி ஒருவரின் வழக்கு வந்தது. அவருக்கு இந்தி தெரியாது. ஆகவே அவரிடம் பேசும் பொறுப்பு எனக்குக் கிட்டியது. பெயர், ஊர், நிகழ்ச்சி அனைத்தையும் கேட்டு எழுதினேன். ஜாமீன் மனுவைத் தீர்ப்பு மேற்கோள்களால் நிரப்பினேன். ஜாமீனும் கிடைத்தது. அன்று நான் நடந்த நடையைக் கண்டவர்கள், உச்ச நீதிமன்றத்திலேயே வென்று வந்தவன் என எண்ணியிருப்பர்!

இரு வாரங்கள் கழித்து, அதே நீதிமன்றத்தில் கைதிகளின் வரிசையில் அவரைக் கண்டு திடுக்கிட்டேன்.

"தம்பி, ஜாமீன் கெடச்சிருச்சுன்னு சொன்னீங்களே?" என்றார்.

இருவர் பிணை நிற்க வேண்டும் என்பது உத்தரவு. அவருக்காகப் பிணை நிற்க இந்நகரில் ஒருவரும் இல்லை. "அண்ணே, உங்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?" என்னும் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

வெட்கத்துக்குரிய செய்தி இனிமேல்தான். மோதிராம் என்னும் கொத்தனார் ஒருவரிடம் மத்தியப் பிரதேச மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். அவருடைய சகோதரரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருந்தமையால் அப்பிணையை ஏற்க மறுத்தார். 1978-ஆம் ஆண்டில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதனைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்த ஜாமீனிலேயே அக்கொத்தனாரை விடுவிக்க ஆணையிட்டார். இத்தீர்ப்பை நான் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன். ஆனால் அத்தகைய ஏழை ஒருவர் என் கண்முன் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை!

மூத்தவர் கடிந்துகொள்ளவில்லை. கட்டினை என்னிடம் தள்ளி, "எழுது" என்றார். புதிய மனுவின்மீது அத்தொழிலாளி சொந்த ஜாமீனில் வெளிவந்தார். அவ்விரு வாரங்கள் எனக்குப் பாடம். அவருக்கோ இழந்த கூலி.

பெற்றோர்களே! பெரிய நிறுவனங்களில் பயிற்சி கிடைத்தால் மகிழுங்கள். எனினும், மாவட்ட நீதிமன்றத்துக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் பிள்ளைகளை ஒரு முறையேனும் அனுப்புங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் இருப்போருக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. ஆனால் அதைக் கேட்கத் தெரியாதோர் பலர்.

மாணவச் செல்வங்களே! சான்றிதழுக்காக மட்டும் செல்லாதீர்கள். பிணை நிற்பவர் யார், அடுத்த வாய்தா என்று, வீட்டில் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்பவற்றை முதலில் கேளுங்கள். மொழி புரியாமல் திகைத்து நிற்கும் நம்மவர் ஒருவரைக் கண்டால், உங்கள் தமிழே அவருக்கு முதல் உதவியாகும்.